ஃபேக்டரிக்காரியின் பிள்ளை

தீர்ப்புகளை நான் கதை மாதிரி வாசிக்கிற ஆள். செக்‌ஷன் எண்களைத் தாண்டிக் குதித்து, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று தேடுவேன். அப்படித்தான் 1984 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு சின்னத் தீர்ப்பில் மாட்டிக்கொண்டேன்.

இங்கிலாந்தில் குடியேறிய பஞ்சாபித் தம்பதி. பையன் அங்கேயே பிறந்தவன், பிரிட்டிஷ் குடிமகன். மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்த குற்றத்துக்காகக் கணவன் தண்டனை பெற்றான். அவனுக்கு நன்னடத்தைப் பிணை வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? அதே மனைவிதான். திருந்திவிடுவான் என்று நம்பியிருக்கிறாள். பிணைக்காலம் முடிந்த கையோடு, 1983 ஜனவரியில், பையனைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.

அவள் இங்கிலாந்து நீதிமன்ற உத்தரவோடு பின்னாலேயே வந்தாள். பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. அவள் அந்த நாட்டில் அந்நியள், ஃபேக்டரித் தொழிலாளி, புருஷனைப் பிரிந்து வாழ்கிறவள், சொந்தபந்தம் கிடையாது. பையன் அங்கே தனிமையில் வாடிப்போவான், இங்கே தாத்தா பாட்டியிடம் தன்மானத்தோடு வளர்வான். இவ்வளவுதான் வாதம். நம்ம ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள்கூட இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் இதைத் திருப்பிப் போட்டார். வாரம் நூறு பவுண்டு பெரிய சம்பளம் இல்லைதான், ஆனால் பிள்ளையை வளர்க்கப் போதும் என்றார். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலர் என்றாலும் பிள்ளையின் நலனுக்கு முன்னால் அது நிற்காது. எந்த நாட்டோடு அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய பிணைப்போ, அந்த நாட்டு நீதிமன்றமே முடிவுசெய்யட்டும். பையன் அம்மாவிடம் போனான்.

அந்தக் கடைசி வாதத்துக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு. 1980 அக்டோபர் 25 தேதியிட்ட ஹேக் உடன்படிக்கை. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து முறையில்லாமல் கொண்டுபோனால், முதலில் திருப்பி அனுப்பு. பிள்ளை யாரோடு இருக்க வேண்டும் என்பதை அந்த ஊர்க் கோர்ட் பார்த்துக்கொள்ளும். பிள்ளைக்குக் கடுமையான ஆபத்து என்று காட்டினால் மறுக்கலாம். இதை எழுதியவர்கள் மனதில் பெரும்பாலும் இருந்தது, நாம் மேலே பார்த்த மாதிரி ஒரு தகப்பன்தான்.

காலம் வேறு மாதிரிப் போயிற்று. பின்னாளில் எடுத்த கணக்குகளில், பிள்ளையைக் கொண்டுபோகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தாய்மார்கள். அடிக்குத் தப்பி, அம்மா வீட்டுக்கு ஓடிவருகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். உடன்படிக்கை வாசகத்தில் குடும்ப வன்முறை என்ற சொல்லே இல்லை. ஆபத்து பிள்ளைக்கு என்று நிரூபிக்கணும். அவள் வாங்கிய அடி தனிக்கணக்கில் வராது. 1984இல் ஒரு அம்மாவுக்குப் பிள்ளையை மீட்டுக் கொடுத்த அதே தர்க்கம், இன்னொரு அம்மாவை ஓடிவந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும்.

இலங்கை 2001இலேயே சேர்ந்துவிட்டது. பாகிஸ்தானும் பிறகு சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. 2009இல் சட்ட ஆணையம் சேரச் சொன்னது, 2016இல் ஒரு மசோதா வரைவு வந்தது, ஒரு கமிட்டியும் உட்கார்ந்தது. 2017இல் இங்கிலாந்திலிருந்து மகளோடு வந்த ஒரு தாயின் வழக்கில், வெளிநாட்டு உத்தரவு பரிசீலிக்க வேண்டிய ஒரு விஷயம் மட்டுமே, பிள்ளையின் நலனே பெரிது என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணை இங்கேயே இருக்கவிட்டது.

எனக்கு இரண்டு தீர்ப்புமே சரியாகப் படுகிறது. அதுதான் தொந்தரவு. 1984இன் அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது கறாரான விதி, 2017இன் அம்மாவுக்கு அந்த விதியிலிருந்து ஒரு விலக்கு. கையெழுத்துப் போடாத நாட்டில் எது கிடைக்கும் என்பது அன்றைக்கு எந்த பெஞ்ச் முன்னால் ஃபைல் போகிறது என்பதைப் பொறுத்தது. கையெழுத்துப் போட்டிருந்தால், 2017இன் அம்மா கையில் எஞ்சியிருப்பது ‘கடுமையான ஆபத்து’ என்ற அந்த ஒற்றை ஷரத்துதான்.