யாழ் கண்ணாடிக்குள் வந்ததா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, திருமுல்லைவாயிலில் உள்ள நம் இல்லத்திற்கு முன்னாள் மாணவர் ஒருவர் வந்திருந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணி; இசை முறையாகப் பயின்றவரல்லர். கையில் ஐபேட் ஒன்று இருந்தது. அதில் 'ஜியோஷ்ரெட்' என்னும் செயலியைத் திறந்து கட்டங்களின்மேல் விரலை இழுத்தார். வீணையோ கிதாரோ எனத் துணிய இயலாத ஓர் ஒலி வழுக்கிக்கொண்டு மேலேறியது. "ஐயா, நம் யாழ் கண்ணாடிக்குள் திரும்பி வந்துவிட்டது, பார்த்தீர்களா?" என்றார்.

நயமான கூற்றுத்தான். ஆயினும் சிலப்பதிகாரம் நடத்திப் பிழைக்கும் நமக்கு, அதை அப்படியே ஏற்றுத் தலையசைக்க மனம் ஒப்பவில்லை.

யாழ் என்பது வில்லின் வழிவந்த கருவி. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புகளை எண்ணித் தருகிறார் அடியார்க்கு நல்லார். எண்ணிக்கை இவ்வளவு பெருகக் காரணம் என்ன? ஒரு நரம்பு ஒரு சுரத்தையே தரும் என்பதுதான். குரலுக்கு ஒன்று, துத்தத்திற்கு ஒன்று, கைக்கிளைக்கு ஒன்று. நரம்பை அழுத்தி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றிற்கு நழுவிச் செல்ல அதில் மெட்டுகள் இல்லை. (செங்கோட்டியாழ் வீணையை ஒத்தது என்பாரும் உளர், அது தனி வழக்கு.) 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' இக்கருவிகளைக் கணக்கிட்டு மீட்டெடுக்க முயன்ற பெருநூல். அண்மைக் காலத்தில் சென்னையைச் சேர்ந்த தருண் சேகர் யாழை மரத்தில் செய்தே காட்டியிருக்கிறார். அதைப் பார்ப்பவர்க்கு உண்மை எளிதில் விளங்கும். கட்டமைப்பால் யாழுக்கு உறவு, வியப்பாகத் தோன்றினும், ஆர்மோனியமே! இரண்டிலும் சுரங்கள் தனித்தனி வீடுகளில் குடியிருக்கின்றன.

ஆர்மோனியத்தின் கதை நாம் அறிந்ததே. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள ஒலியை அது தரமாட்டாது, கமகம் அதற்கு எட்டாது என்ற குற்றச்சாட்டின்பேரில் 1940-இல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. அத்தடை ஓரளவேனும் தளர மூன்று பத்தாண்டுகள் ஆயின. யாழ் வழக்கொழிந்ததற்கும் இதுவே காரணங்களுள் ஒன்று என அறிஞர் கூறுவர். வானொலி நிலையத்தின் ஆணை எதுவுமின்றி, காலமே அதை விலக்கியது. தண்டும் மெட்டும் கொண்ட வீணை அவ்விடத்தில் அமர்ந்தது. தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில் (கி.பி. 1600-1634) 24 மெட்டுகள் நிலைபெற்ற வீணையில், மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த சுரமும் அதற்கு அப்பாலும் கேட்கும்.

எனவே மாணவர் தேடிய மூதாதை யாழ் அன்று. மெட்டே இல்லாத தண்டில், தந்தியின்மேல் வழவழப்பான கட்டையொன்றை நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியம்தான் அது; சித்திர வீணை என்பதும் அதையே. திருவிடைமருதூர் சகாராம ராவால் பெயர் பெற்றது. புதாலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியின் கையில் வளர்ந்தது.

இனிச் செயலிக்கு வருவோம். அது 2016-இல் வெளிவந்தது. ட்ரீம் தியேட்டர் குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ஜோர்டன் ரூடஸ் அதை உருவாக்கியவர்களுள் ஒருவர். அதன் உள்ளே பதிவு செய்த வீணையொலி எதுவுமில்லை. தந்தியின் இயல்பையே கணக்காக்கி வைத்திருக்கிறார்கள். இதன் மூலவித்து 1983-இல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் ஆகிய இருவர் வெளியிட்ட முறை. சிறிதளவு இரைச்சலை எடுத்து ஒரு வட்டத்தில் சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த எண்களின் சராசரியைக் கண்டால், இரைச்சல் தேய்ந்து மீட்டிய தந்தியின் ஒலியாகிறது! நொடிக்கு 44,100 எண்கள் என்ற கணக்கில் ஏறக்குறைய நூறு எண்கள் கொண்ட வட்டம் 440 அதிர்வுள்ள சுரத்தைத் தரும். வட்டம் குறுகினால் சுரம் உயரும். நரம்பைக் குறுக்குவதும் அதுவேயன்றோ?

திரையின் வரிசைகள் அமைந்திருக்கும் முறையும் நம்மை ஈர்த்தது. ஒரு வரிசையிலிருந்து நேர் மேலே சென்றால் நான்காம் சுரமான மத்திமம் வருகிறது. பழந்தமிழ் இசை நூலார் நரம்புகளை இணை, கிளை, பகை, நட்பு என உறவு சொல்லிப் பிரித்தனர்; அதில் நான்காம் நரம்பு நட்பு. நட்பையே அடுக்கி ஒரு பலகை செய்திருக்கிறார்கள் என்று மாணவரிடம் சொன்னோம். அன்று அவர் முகம் மலர்ந்தது அவ்வொரு முறைதான். ஏனெனில் அடுத்த அரைமணி நேரம் அவருக்குச் சோதனையாயிற்று.

முதலில் மோகனம் வாசித்தார். முல்லைப்பண்ணை மோகனமெனக் காண்பர் இசையாய்வாளர். தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி பிணித்ததாகத் தலபுராணம் கூறும் ஊரில் அமர்ந்து கேட்பதற்கு ஏற்ற பண். ஐந்தே சுரங்கள். விரல் சற்று விலகினாலும் அருகிலுள்ள சுரத்திற்கு இழுத்துச் சேர்க்கும் வசதி செயலியில் உண்டு. ஆகவே பிழையின்றி ஒலித்தது. அடுத்துத் தோடியைத் தொட்டார். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று, அசைவே அதன் உருவம். வீணைக்காரர் ரிஷப மெட்டில் விரலூன்றி, தந்தியை இழுத்து அதை வரவழைப்பர். தந்தி எதிர்த்து இழுக்கும். எவ்வளவு இழுத்தோம் என்பதை விரல் அந்த எதிர்ப்பால் அறியும். கண்ணாடி எதிர்ப்பதில்லை. மாணவரின் காந்தாரம் ஒருமுறை மத்திமத்தைத் தாண்டியது, மறுமுறை எழவேயில்லை. போதாக்குறைக்கு, அந்த உதவி வசதி அசைவு முழுவதையும் படிக்கட்டாக நறுக்கிற்று. அவர் கையில் இருந்தது மீண்டும் ஆர்மோனியமே.

லிப்போல்ட் ஹாக்கன் வடிவமைத்த 'கன்டினியம்' என்னும் கருவியின் பரப்பு இவ்வாறன்று, அமுங்கி மீளும். 'டெல்லி 6' (2009) படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் ஏ.ஆர். ரகுமான் வாசித்தது அதைத்தான். கண்ணாடியிலும் இயலாது என்று நாம் சொல்லவில்லை. மகேஷ் ராகவன் ஐபேடில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டவர் அவ்வாறு சொல்லார். ஆனால் அங்கே காது முன்னமே பயின்றிருக்கிறது. எதிர்க்காத பரப்பில் விரல் செல்லவேண்டிய தொலைவை அக்காதுதான் அளந்து தருகிறது.

கானல்வரியில் மாதவி யாழைத் தொடும் இடத்தை இவ்வாண்டு நடத்தியபோது நமக்கு இது நினைவுக்கு வந்தது. அவள் எடுத்த உடனே பாடவில்லை. பண்ணல் முதலாக எட்டுச் செயல்கள். அவற்றுள் இரண்டாவதாகிய பரிவட்டணையை, முறுக்கிய நரம்பை அகவிரலாலும் புறவிரலாலும் தடவிப் பார்த்தல் என விளக்குவர் உரைகாரர். மூன்றாவது ஆராய்தல். பாட்டு அதன் பிறகே. யாழின் உருவம் திரைக்கு வரவில்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. இந்தத் தடவிப் பார்த்தல் வரக்கூடும்.

மறு ஞாயிறும் மாணவர் வந்தார். சுரத்தைத் திருத்தும் வசதியை முற்றிலும் நிறுத்தியிருந்தார். ஒரே வரிசையில் சட்ஜத்திலிருந்து மத்திமம் வரை மெல்ல இழுத்து, திரும்பி, மீண்டும் இழுத்துக்கொண்டிருந்தார். கேட்கச் சகிக்கவில்லை என்பதே உண்மை. காந்தாரம் மட்டும் இருமுறை தன்னிடத்தில் அசைந்தது. யாழ் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. கோட்டுவாத்தியம் எங்கே கேட்கலாம் என வினவினார்; புதாலூராரின் பழைய ஒலிப்பதிவொன்றைப் போட்டோம். ஐபேடை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.