சுவாப் பகிர்வை நீக்குதல்

சுவாப் பகிர்வு அல்லது இடமாற்றுப் பகிர்வு என்பது, லினக்ஸ் இயங்குதளம் தனது நினைவகத்திற்குத் துணையாக வன்தட்டில் ஒதுக்கிக்கொள்ளும் தனிப் பகுதி ஆகும். நினைவகம் நிரம்பும்போது, அப்போதைக்குப் பயன்படாத தரவுகள் இங்கு மாற்றப்படுகின்றன. விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் நிறுவப்பட்ட கணினிகளில் இப்பகிர்வை நீக்கி, அவ்விடத்தை வேறு தேவைக்குப் பயன்படுத்துவதுண்டு. நீக்குவது எளிது, எனினும் அப்பகிர்வைச் சுட்டும் அமைப்புகளை மாற்றாவிடில், லினக்ஸ் தொடங்குவதில் தாமதமோ தடையோ ஏற்படலாம்.

பின்னணி

விண்டோஸ் இதே பணிக்குத் தனிப் பகிர்வு கொள்ளாமல் பேஜ்ஃபைல் என்னும் கோப்பைப் பயன்படுத்துகிறது. லினக்சிலும் கோப்பைப் பயன்படுத்த இயலும் எனினும், முற்காலத்தில் பகிர்வே விரைவானதாகக் கருதப்பட்டது. 2003 இல் வெளிவந்த 2.6 கருனியில் இவ்வேறுபாடு ஏறத்தாழ மறைந்தது. உபுண்டு 17.04 (2017) முதல், வழமையான புதிய நிறுவல்களில் பகிர்வுக்கு மாற்றாகக் கோப்பே உருவாக்கப்படுகிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தப்பட்ட கணினிகளில் பழைய பகிர்வு அப்படியே இருக்கும்.

நீக்கும் முன் கவனிக்க வேண்டியவை

* முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.
* ஹைபர்னேட் எனப்படும் உறக்கநிலையில் நினைவகத்தின் உள்ளடக்கம் சுவாப் பகுதியிலேயே சேமிக்கப்படுகிறது. எனவே லினக்ஸ் உறக்கநிலையில் இருக்கும்போது பகிர்வை நீக்கினால், சேமிக்காத பணிகள் அழியும்.
* விண்டோஸ் 8 (2012) முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி, விண்டோசை முழுமையாக நிறுத்துவதில்லை. அதன் பகிர்வின் அளவை மாற்றுவதாயின் இவ்வசதியை முடக்க வேண்டும்.
* ஒரே கணினியில் உள்ள இரு லினக்ஸ் வழங்கல்கள் ஒரே சுவாப் பகிர்வைப் பகிர்ந்துகொள்ளக்கூடும். அவ்வாறாயின் இரண்டிலும் மாற்றம் செய்ய வேண்டும்.

நீக்கும் முறை

1. லினக்சில் 'சுவாப்ஆஃப்' கட்டளையால் சுவாப் பகிர்வு செயலிழக்கச் செய்யப்படுகிறது. அதிலுள்ள தரவுகள் நினைவகத்திற்குத் திரும்பும். நினைவகத்தில் இடம் போதாவிடில் கட்டளை தோல்வியுறும்.
2. 'எஃப்எஸ்டேப்' கோப்பில் அப்பகிர்வுக்கு உரிய வரி நீக்கப்படுகிறது. இவ்வரி எஞ்சினால், சிஸ்டம்டி பயன்படுத்தும் வழங்கல்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் இல்லாத பகிர்வுக்காக வழமையாக 90 நொடிகள் காத்திருக்கும்.
3. பென்டிரைவிலிருந்து லினக்சைத் தொடங்கி, ஜிபார்ட்டட் கருவியால் பகிர்வு அழிக்கப்படுகிறது. பென்டிரைவில் இயங்கும் லினக்சும் அப்பகிர்வைத் தானே பயன்படுத்தத் தொடங்கியிருக்கலாம். அருகே பூட்டுக் குறி தென்பட்டால், அங்கும் 'சுவாப்ஆஃப்' செய்தல் வேண்டும்.

பகிர்வு எண்கள் மாறுதல்

பழைய எம்பிஆர் முறையில் முதன்மைப் பகிர்வுகள் 4 மட்டுமே அமையலாம். தருக்கப் பகிர்வுகளின் எண் 5 இல் தொடங்கும். 5 ஆம் பகிர்வை நீக்கினால் 6 ஆம் பகிர்வு 5 ஆகிவிடும். தொடக்க நிரலான கிரப், லினக்ஸ் இருக்குமிடத்தைப் பழைய எண்ணால் தேடினால், மீட்பு நிலையில் நின்றுவிடும். விண்டோசையும் தொடங்க இயலாது. தரவுகள் அழிவதில்லை, கிரப்பை மீண்டும் நிறுவினால் போதும். ஜிபிடி முறையில், ஒன்றை நீக்குவதால் ஏனையவற்றின் எண்கள் மாறுவதில்லை.

விடுபட்ட இடத்தைப் பயன்படுத்தல்

விடுபட்ட இடம் வன்தட்டில் எங்கு அமைந்துள்ளது என்பதே முதன்மையானது. லினக்ஸ் பகிர்வை அடுத்து இடம் இருப்பின், அதனை இறுதிப்பக்கமாக எளிதில் நீட்டலாம். முன்னால் இருப்பின், பகிர்வின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும். இதற்கு நெடுநேரம் ஆகும், இடையில் மின்சாரம் தடைப்பட்டால் தரவுகள் அழியக்கூடும். விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி, தனது பகிர்வை ஒட்டி அடுத்துள்ள இடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். எனவே விண்டோஸ், லினக்ஸ், சுவாப் என்னும் வரிசையில் அமைந்த வட்டில், விடுபட்ட இடம் லினக்சுக்கே எளிதில் பயன்படும்.

நினைவகம் குறைந்த கணினிகளில் சுவாப்பை முற்றிலும் கைவிடுதல் தகாது. நினைவகம் தீர்ந்தால் கருனி இயங்கும் நிரல்களை வலிந்து நிறுத்தும். நீட்டிய பகிர்வினுள் சிறிய சுவாப் கோப்பை உருவாக்குவதே இதற்கு மாற்று. கோப்பின் அளவைப் பின்னர் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

* மெய்நிகர் நினைவகம்
* கோப்பு முறைமை
* லினக்ஸ் கருனி