கோயிலுக்குப் போகும் விஞ்ஞானிகள்: நம்பிக்கையும் அறிவியலும் மோதுகின்றனவா?

2023 ஜூலை 13. சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முந்தைய நாள். இஸ்ரோ குழுவினர் அதன் சிறிய மாதிரியுடன் திருமலைக்குப் போய் வழிபட்டார்கள். படம் வெளியானதும் சமூக வலைதளங்களில் வழக்கமான விவாதம்: விஞ்ஞானிக்கு எதுக்கு சாமி?

இஸ்ரோவின் தலைமையகம் உள்ள பெங்களூருவில் இந்தக் கேள்வி புதுசு இல்லை. ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டருக்கே பொட்டு வைக்கிற ஊர் இது.

எத்தனை பேருக்கு நம்பிக்கை இருக்கிறது?

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக சமூகவியலாளர் எலைன் எக்லண்டின் குழு, இந்தியா உட்பட 8 பகுதிகளில் 9,422 பேரிடம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. இந்திய விஞ்ஞானிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களை மத நம்பிக்கை உள்ளவர்கள் என்றார்கள். அறிவியலும் மதமும் மோதுகின்றன என்றவர்கள் எல்லா இடங்களிலும் சிறுபான்மைதான்.

எப்படி இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்?

சிலர் எல்லை பிரித்துக்கொள்கிறார்கள். வெளி உலகை அறிய அறிவியல், உள்மனதுக்குக் கோயில் என்றார் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத். வேறு சிலருக்கு அது பண்பாடு. பெங்களூரு ஆய்வு நிறுவனம் ஒன்றில் களஆய்வு செய்த ரென்னி தாமஸ், கடவுளை நம்பாத விஞ்ஞானிகளும் சில சடங்குகளைத் தொடர்வதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆளுமைக்கு இதில் பங்கு உண்டா?

கொஞ்சம் உண்டு. உளவியலாளர்கள் ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் இணக்கம், பொறுப்புணர்வு இரண்டும் மத நம்பிக்கையுடன் சேர்ந்து காணப்படுவதாக பெல்ஜிய உளவியலாளர் வாசிலிஸ் சாரோக்லூவின் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. ஆனால் தொடர்பு சிறியது. ஒருவரின் குணத்தை வைத்து அவர் பக்தரா என்று சொல்லிவிட முடியாது.

அப்போ சிக்கல் எங்கே?

தனிப்பட்ட நம்பிக்கை அலுவலகப் பொறுப்போடு கலக்கும்போது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51ஏ(எச்) பிரிவு. அது சேர்க்கப்பட்ட அதே 1976-ல்தான், பெங்களூரு பல்கலைக்கழகத் துணைவேந்தரும் இயற்பியலாளருமான எச். நரசிம்மையா, 'அற்புதங்களை' ஆராய ஒரு குழு அமைத்தார்.

வேலையில் முடிவெடுப்பது எது?

2019-ல் சந்திரயான்-2 புறப்படும் முன்பும் அன்றைய தலைவர் சிவன் திருமலைக்குப் போனார். அதன் லேண்டர் நிலவில் மோதியது. அடுத்த முறையும் வழிபாடு நடந்தது. ஆனால் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் தோல்வியின் தரவுகளை அலசி, லேண்டரின் கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், தரையிறங்கும் பகுதியை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கி.மீ. x 2.4 கி.மீ. ஆக விரித்தார்கள். ஆகஸ்ட் 23 அன்று லேண்டர் பத்திரமாக இறங்கியது.