நாலணா, எட்டணா, பன்னிரண்டணா... மெமரி அட்ரஸ் படிக்கலாம் வாங்க!

பாளையங்கோட்டையில் ஒரு காலேஜ் லேப்னு வெச்சுக்கோங்க. சி புரோகிராமில் ஒரு அரேயோட மெமரி அட்ரஸை பிரிண்ட் பண்றீங்க. எண்ணும் எழுத்தும் கலந்து நீளமா ஏதோ வருது. "நம்பருக்கு நடுவுல சி எப்படிலே வந்துச்சு?"னு பக்கத்து சீட் நண்பன் முழிக்கிறான்.

இதுக்கான பதில் உங்க ஆச்சிகிட்ட இருக்கு. அரை ரூபாயை இன்னமும் 'எட்டணா'ன்னுதானே சொல்றாங்க? 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. பதினைஞ்சு வரைக்கும் அணா, பதினாறு ஆனா ரூபாய். ஹெக்ஸாடெசிமலும் அப்படித்தான். 10 முதல் 15 வரைக்கும் ஒற்றை இலக்கம் வேணுமே, அதுக்குத்தான் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகள். சி-ன்னா 12.

இன்டீஜர் ஒவ்வொண்ணும் 4 பைட் எடுக்கும் அரேயில் அட்ரஸோட கடைசி ரெண்டு இலக்கத்தை மட்டும் பாருங்க: 40, 44, 48, 4சி, 50. ஆச்சி பாஷையில் நாலு ரூபாய், நாலே கால், நாலரை, நாலே முக்கால், அஞ்சு ரூபாய். அவ்வளவுதான்!

சாதா எண்ணாவே காட்டினா என்ன? காட்டலாம், ஆனா கண்ணு வலிக்கும். 64 பிட் அட்ரஸ் 20 இலக்கம் வரை போகலாம். ஹெக்ஸில் ஒரு இலக்கத்துக்குச் சரியா 4 பிட்ங்கிறதால 16 இலக்கத்தில் முடிஞ்சிடும். மெமரியைப் பெரும்பாலும் 4096 பைட் பக்கங்களாத்தான் பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஹெக்ஸில் அந்த 4096 வெறும் 1000. கடைசி மூணு இலக்கமும் பூஜ்யமா இருந்தா, புதுப் பக்கம் அங்கே தொடங்குதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும்.

பலரும் மாட்டுற இடம் பிரிண்ட்எஃப். அட்ரஸுக்கு '%டி' போட்டா, கம்பைலர் வார்னிங்கோட விட்டுடலாம். ஆனா அது 4 பைட் இன்டீஜருக்கானது. 8 பைட் அட்ரஸில் பாதி காணாமப் போய், சில நேரம் மைனஸ் நம்பர்கூட வரும். '%பி' போடுங்க, பாயின்டரை வாய்ட் பாயின்டரா மாத்திக் கொடுங்க. லினக்ஸில் முன்னாடி '0எக்ஸ்' சேர்ந்து வரும். விண்டோஸில் பெரும்பாலும் அது இருக்காது, இடதுபக்கம் பூஜ்யங்கள் நிரம்பியிருக்கும். ரெண்டுமே சரிதான்.

ரன் பண்ணும்போதெல்லாம் அட்ரஸ் மாறுதேன்னு ரெக்கார்ட் நோட்டைக் கிழிச்சிடாதீங்க. ஹேக்கர் ஊகிக்க முடியாதபடி ஆப்பரேட்டிங் சிஸ்டமே இடத்தை மாத்தி மாத்தி வைக்குது. நண்பனோட அட்ரஸும் உங்களோடதும் ஒத்துப்போகாது. ஆனா அடுத்தடுத்த ரெண்டு இன்டீஜருக்கு நடுவில் அவனுக்கும் நாலணா, உங்களுக்கும் நாலணாதான்.