ஜீப்பும் சேற்று நிலமும்



சக்கரத்தைக் கண்டறிந்தது மனிதனின் அறிவுக்குச் சான்று. அதற்கு ஏற்ற சாலையை அமைத்தது அவனுடைய உழைப்புக்குச் சான்று. ஆயின், சாலையே இல்லாத இடத்தில் சக்கரம் யாது செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றைச் சிறிது காண்போம்.

சென்னைக்கு மேற்கே ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகியவை ஏரிகள் சூழ்ந்த ஊர்கள். கோடையில் கல்லாய் இறுகும் ஏரிக்கரை மண், ஐப்பசி கார்த்திகை மழையில் குழைந்து சேறாகிவிடும். இத்தகைய நிலத்தில் வண்டி ஓட்டுவோர் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு.

அணிவகுப்பில் ஒரு வரிசை திரும்பும்போது, உட்புறம் நிற்பவன் சிற்றடி வைப்பான். வெளிப்புறம் நிற்பவன் நெட்டடி வைத்து விரைவான். வண்டி திரும்பும்போதும் அவ்வாறே வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவு உருளவேண்டும். ஓர் அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பற்சக்கரத் தொகுதியே டிபரன்ஷியல். பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞர் பெக்கர் என்பார் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்கென இதனை வகுத்தார்.

இதில் ஒரு குறை உண்டு. டிபரன்ஷியல் தன் இரு சக்கரங்களுக்கும் சமமான திருப்பு விசையையே பகிர்ந்தளிக்கும். ஒன்று வழுக்கும் சேற்றில் சிக்கினால், அது வீணே சுழல்வதற்குச் சிறிதளவு விசையே போதும். உறுதியான தரையில் நிற்கும் மற்றதும் அச்சிறு விசையையே பெறும், வண்டி நகராது. வலியவனும் மெலியவனின் அளவுக்கே உழைக்க நேரும் கூட்டு இது.

1940-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறை, எங்கும் செல்லக்கூடிய சிறு வண்டி வேண்டுமென 135 நிறுவனங்களை அழைத்தது. மாதிரி வண்டிக்குத் தந்த கெடு 49 நாள் மட்டுமே. பாண்டம் நிறுவனம் முதலில் செய்து கொடுத்தது. பின்னர் வில்லீசும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போருக்குப் பின் மும்பையில் மகிந்திரா நிறுவனம் அவ்வண்டியை நம் நாட்டுக்குக் கொணர்ந்தது.

அந்த ஜீப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தனித்தனி டிபரன்ஷியல் இருந்தது. எதற்கும் பூட்டு இல்லை. நான்கு சக்கர இயக்கத்தில் இட்டால் இரண்டு அச்சுகளும் ஒன்றாகப் பிணைக்கப்படும். எனவே, பின்சக்கரம் ஒன்று வழுக்கினாலும் முன்னச்சு வண்டியை இழுக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரம் பிடிப்பை இழந்தால்தான் வண்டி நிற்கும். பள்ளத்தில் குறுக்காக இறங்கும்போது நேர்வது இதுவே: ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரமும் அந்தரத்தில் சுழல, தரையில் நிற்கும் மற்ற இரண்டும் வாளாவிருக்கும்.

அங்ஙனமாயின் அவ்வண்டி போர்க்களங்களில் புகழ் பெற்றது எவ்வாறு? எடை குறைவு, ஆகவே சிக்கினாலும் சிலர் கூடித் தள்ளிவிடலாம். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி மிகுதி. தாழ் கியரில் மெல்ல ஏறும் வலிமையும் உண்டு. யாவற்றினும் மேலாக, ஓட்டுநரின் பயிற்சி உண்டு. நடந்து சென்று வழியை ஆராய்தல், நான்கு சக்கரமும் தரையில் பதியும் தடத்தைத் தேர்தல், மணலில் டயர்க் காற்றைச் சிறிது குறைத்தல், சக்கரம் சுழன்று குழி பறிக்குமுன் நிறுத்திவிடுதல் ஆகியவை அப்பயிற்சியின் கூறுகள். இக்காலத்து வண்டிகள் சிலவற்றில், வீணே சுழலும் சக்கரத்தைப் பிரேக்கே தானாகப் பிடித்து, எஞ்சிய சக்கரத்துக்கு விசையைத் திருப்புகிறது.

ஆவடியோ வேறொரு விடையைக் கண்ட ஊர். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஏறத்தாழ 39 டன் எடையை நீண்ட இரும்புப் பட்டைகளின்மீது பரப்பி, சக்கரம் புதையும் நிலத்தையும் அது கடந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரிலும் பங்கு கொண்டது. ஆயினும் எல்லாப் பணிக்கும் டாங்கியை அனுப்ப இயலுமா? தூது செல்லவும் காயமுற்றோரைக் கொணரவும் சிறு வண்டியே வேண்டும்.

இவ்வரலாற்றை நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டிய காரணம் உண்டு. நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி நான்கு மடங்கு பாதுகாப்பானது என்று எண்ணுவோர் பலர். இழுக்கும் ஆற்றல் பெருகுமேயன்றி, ஈரச் சாலையில் நிறுத்தும் ஆற்றல் அதனால் பெருகாது. வெள்ளத்தில் மிதக்கத் தொடங்கிய வண்டிக்கு எந்தச் சக்கரமும் உதவாது. 2015 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த நம் பகுதிக்கு இது வெறும் ஏட்டுப் பாடமன்று. பொறியின் ஆற்றலை அறிந்தவன் அதனைப் பயன்படுத்துவான். அதன் எல்லையையும் அறிந்தவனே பத்திரமாக வீடு திரும்புவான்.