கூடுதுறையும் சேனிட்டரி இன்ஸ்பெக்டரும்

பவானி என்றால் ஜமக்காளமும் கூடுதுறையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. அந்த வேலைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அது நம் மக்களுக்காக ஆரம்பிக்கப்படவில்லை என்பதுதான் வேடிக்கை! இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தார் சண்டையை விட நோயில்தான் அதிகம் செத்தார்கள். அதை விசாரித்த ராயல் கமிஷன் 1863-ல் அறிக்கை கொடுத்தது; அடுத்த வருடமே சென்னை மாகாணத்தில் சுகாதாரக் கமிஷன் அமைந்தது. 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். பாராக்கை மட்டும் சுத்தமாக வைத்தால் போதாது, ஊர்த் தண்ணீரையும் பார்க்க வேண்டும் என்பது அதோடு உறுதியானது.

ராஜாஜி மந்திரிசபை இருந்த 1939-ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு விரிவான சட்டம் அதுதான் முதல். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் தவிர, திருவிழாக்களுக்கென்றே அதில் தனிப் பகுதி இருக்கிறது. கூடுதுறை மாதிரி ஊர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் சேரும் முன்பே தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். அதைத் தெருவில் இறங்கிப் பார்த்தவர்தான் சேனிட்டரி இன்ஸ்பெக்டர், இன்றைய சுகாதார ஆய்வாளர். சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

ஆனால் தண்ணீரில் கலப்பது மாறிவிட்டது. பவானியில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்காலில் ஈரோட்டுப் பக்கம் சாயக் கழிவும் தோல் கழிவும் சேர்ந்தன. காலராக் கிருமியைக் குளோரின் கொல்லும். சாயப்பட்டறை உப்பை அது என்ன செய்யும்? 1974-ல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1982-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று வந்தபின், பட்டறைக்கு அனுமதி தருவதும் மூடுவதும் வாரியத்துப் பொறியாளர்கள் கைக்குப் போனது. ஒரே தண்ணீர், இரண்டு இலாகா.

இரண்டு இருந்தும் என்ன நடந்தது என்பதற்குப் பக்கத்துத் திருப்பூரே சாட்சி. நொய்யல் சாயமாக ஓடியது, ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வழக்குப் போட்டது சுகாதாரத் துறை அல்ல, வாரியமும் அல்ல. நொய்யல் பாசன விவசாயிகள்.