மயிலாப்பூர்க் கொல்லையும் மாம்பலம் தோட்டமும்

பழைய சென்னை வீடுகளில் "தோட்டத்துப் பக்கம் போ" என்றால் வீட்டின் பின்பக்கம் போ என்று பொருள். அங்கே பூச்செடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிணறு கட்டாயம் இருக்கும். இன்று தோட்டம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வாசலில் வரிசையாக வைத்த பூந்தொட்டிகள்தான். வீட்டின் பின்னால் இருந்த தோட்டம் முன்னால் வந்தது சுமார் இருநூறு ஆண்டுக் கதை. அந்தக் கதையின் முக்கியமான திருப்பம் தியாகராய நகரில் நடந்தது.

முதலில் மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். தெருவைப் பார்த்துத் திண்ணை, பிறகு ரேழி, கூடம், முற்றம், சமையலறை என்று வீடு பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். கடைசியில் கொல்லை. கிணற்றடி, துவைக்கிற கல், மாட்டுக் கொட்டில், நாலைந்து தென்னை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, துளசி மாடம் எல்லாம் அங்கேதான். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வாழைக்கும் கல்வாழைக்கும் சேப்பங்கிழங்குக்கும் போகும். அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் செடிகளாகப் பார்த்து அந்த வாய்க்காலின் ஓரத்தில் வைத்தது நல்ல ஏற்பாடு. கழிவுநீரைத் தேங்கவிடாமல் மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தக் கொல்லையை நினைத்து ஏங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கொல்லையின் கோடியில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் பின்பக்கச் சந்து வழியாக மட்டுமே வரவேண்டும். வீட்டின் முன்வாசல் அவர்களுக்குத் திறந்ததில்லை. கொல்லை பசுமையாக இருந்தது உண்மை. சாதியின் எல்லைக்கோடாக இருந்ததும் உண்மை.

தோட்டத்தை வீட்டின் முன்னால் கொண்டுவந்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வியாபாரிகளும். 18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியின் குதிரைப்படை 1769-லும் 1780-லும் சென்னையின் எல்லை வரை வந்தது. கோட்டைக்கு வெளியே வீடு கட்டுவது அப்போது துணிச்சலான காரியம். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அந்தப் பயம் நீங்கியது. மவுண்ட் ரோட்டின் இரு பக்கமும், அடையாற்றின் கரையிலும், பரந்த காம்பவுண்டுகளின் நடுவே வெள்ளை வீடுகள் எழுந்தன. தோட்ட வீடு என்று இவற்றுக்குப் பெயர். ஜார்ஜ் மௌப்ரே என்பவர் அடையாற்றங்கரையில் கட்டிய வீடு பின்னாளில் அடையாறு கிளப் ஆனது. இப்போது அங்கே மெட்ராஸ் கிளப் இருக்கிறது. பிரம்மஞான சபையினர் 1882-ல் குடிவந்த இடமும் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற தோட்ட வீடுதான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மயிலாப்பூர் வக்கீல்களின் கையில் பணம் சேர்ந்தது. லஸ், ஆழ்வார்பேட்டைப் பக்கத்தில் அவர்களும் தோட்டம் சூழ்ந்த பெரிய வீடுகளில் வாழத் தொடங்கினார்கள். சர் சி.பி. ராமசாமி ஐயரின் எல்டாம்ஸ் சாலை வீட்டுக்குத் "தி குரோவ்" என்று பெயர். தமிழில் தோப்பு. ஆனால் இந்த வசதி நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. குமாஸ்தாவும் ஆசிரியரும் ஒட்டுச்சுவர் வீட்டில்தான் இருந்தார்கள்.

அந்த நடுத்தர மக்களுக்கும் தோட்டம் கிடைக்க ஒரு ஏரி போகவேண்டியிருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து கிடந்தது நீண்ட ஏரி. 1890-களில் அங்கே படகுப் போட்டிகள் நடந்தன. நகரத்தில் இடம் போதாமல் போகவே 1920-களில் ஏரியை வடியவைத்து மாம்பலம் குடியிருப்பை உருவாக்கினார்கள். ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. 1925-ல் மறைந்த பிட்டி தியாகராய செட்டியின் பெயர் நகருக்கு வந்தது. முதலமைச்சராக இருந்த பனகல் ராஜாவின் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு வந்தது. நடேசன், நாயர், உஸ்மான், சௌந்தரபாண்டியன் என்று கட்சித் தலைவர்களின் பெயர்ப் பட்டியலே வீதிகளில் இருக்கிறது.

வீட்டைச் சுற்றித் தோட்டம், பேட்டைக்கு நடுவே பூங்கா என்ற எண்ணம் அப்போது உலகெங்கும் பரவியிருந்தது. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு 1898-ல் தோட்ட நகரம் பற்றி எழுதினார். 1903-ல் லெட்ச்வொர்த் என்ற ஊர் அந்த முறையில் தொடங்கியது. சென்னைக்கு இச்செய்தியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெட்டிஸ். நகரமைப்புப் படங்களும் வரைபடங்களும் கொண்ட அவருடைய கண்காட்சிப் பெட்டிகளை ஏற்றி வந்த கப்பலை 1914-ல் எம்டன் மூழ்கடித்தது. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்! வேறு படங்களைச் சேர்த்து 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்கள். இந்த மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்த கெட்டிஸ், கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்காதீர்கள், அவை ஊரைக் குளிர்விக்கின்றன, மீன் விட்டால் கொசு குறையும் என்று வற்புறுத்தினார். தோட்ட நகரத்தை ஏற்றுக்கொண்ட சென்னை, குளத்தைப் பற்றி அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் ஏரி மனைகளானது.

மாம்பலத்தில் புது வீட்டுக்காரர் பெற்றது நாலு பக்கமும் காலி இடம் விட்ட தனி வீடு. மயிலாப்பூரில் அப்படிக் கிடையாது. ஆகவே அவருக்கு இரண்டு தோட்டம் கிடைத்தது. முன்பக்கம் தோட்ட வீட்டின் சின்ன நகல்: போர்டிகோ, குரோட்டன்ஸ், கேட்டின் மேல் வளைத்துவிட்ட கொடி, பூஜைக்கு நந்தியாவட்டையும் பவழமல்லியும் செம்பருத்தியும். பின்பக்கம் அதே மயிலாப்பூர்க் கொல்லை. முருங்கை ஒருநாளும் முன்னால் வராது, வாழை பின்னால்தான். வெள்ளைக்காரரின் பழக்கமும் பாட்டியின் பழக்கமும் ஒரே மனையில் சண்டையில்லாமல் இருந்தன.

வேலை கிணற்றில் தொடங்கும். சுவர் எழுப்பவே தண்ணீர் வேண்டுமல்லவா? அடுத்தது மண். ஏரியின் அடிமண் களிமண். மழையில் ஒட்டும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ரோஜாவும் மல்லிகையும் அதில் வேர் அழுகும். எனவே செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து பாத்தியை மேடாக்க வேண்டும். தென்னைக்கு மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, மணலும் கொஞ்சம் உப்பும் போட்டுப் பிள்ளையை வைப்பது வழக்கம். ஐந்தாறு வருடம் பொறுத்தால் காய்க்கும். அழகுச் செடிக்கு கதீட்ரல் சாலைக்குப் போகலாம். 1835-ல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அங்கே இருந்தது. அந்தச் சங்கத்தின் வசமிருந்த நிலத்தின் பகுதிகளில்தான் 2010-ல் செம்மொழிப் பூங்காவும் 2024-ல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் திறக்கப்பட்டன.

இந்தத் தோட்டங்கள் இரண்டு தலைமுறைதான் நின்றன. நிலத்தின் விலை ஏறியது, சொத்து பல பிள்ளைகளுக்குப் பிரிந்தது. 1970-களுக்குப் பின் தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறின. முதலில் பலியானது கொல்லை. கிணற்றை மூடி ஆழ்குழாய் போட்டார்கள். மண்ணைச் சிமெண்டால் மூடிக் கார் நிறுத்தினார்கள்.

இதில் இழந்தது எவ்வளவு என்று கணக்குப் போடலாம். சென்னையில் மனையை கிரவுண்டில் அளக்கிறோம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். நகரின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். ஒரு கிரவுண்டில் விழுகிற மழை வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர். பாதி மனை மண்ணாக இருந்தபோது இதில் ஒரு பங்கு கிணற்றுக்குப் போனது. முழுவதும் சிமெண்டானபின் தெருவுக்கு வருகிறது. அந்தத் தெருவோ ஏரியின் அடிவயிறு. 2021 நவம்பரில் பெய்த மழையில் தியாகராய நகர் வீதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அங்கிருந்து அடையாற்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக மாம்பலம் கால்வாய் ஒன்றுதான் முக்கிய வழி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019 கோடையில், இதே நகரம் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே மந்தைவெளியில் மழை இல்லம் என்ற விளக்க மையம் திறக்கப்பட்டிருந்தது. அதை நடத்திய சேகர் ராகவன் அதற்கும் முன்பே பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிவந்தவர். பெசன்ட் நகர் கடலோர மணல். சிறு குழி வெட்டினாலே தண்ணீர் இறங்கிவிடும். மாம்பலத்தின் களிமண்ணில் அப்படி இறங்காது. களிமண் அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கு வரும் வரை உறைக்கிணறு இறக்கி, மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடவேண்டும். மூடாமல் விட்ட பழைய கொல்லைக் கிணறு இருக்கிற வீட்டுக்கு அந்தச் செலவும் இல்லை. மாடியிலிருந்து ஒரு குழாய் போட்டால் போதும்.